ஆலைக்கு உதவும் குளோரின் டையாக்சைடு குடிக்கும் மருந்து அல்ல

நீர்த்தடை முடிந்து பெஸ்தாரி ஜெயாவிலோ ஈஜோக்கிலோ குழாயைத் திறந்தால் முதலில் காற்று வரும், அடுத்துக் கலங்கல் தண்ணீர் வரும், அதற்குப் பிறகு மூக்கைத் துளைக்கும் ஒரு வாடை வரும். "குளோரின் அதிகமா போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு வாளி பிடித்துக் கீழே ஊற்றுவது நம் வீடுகளில் வழக்கம். குளோரினைப் பற்றி நம் மக்களுக்கு இந்த அளவுக்காவது தெரியும். ஆனால் கடந்த சில ஆண்டுகளாக அதன் உறவுக்காரப் பெயர் ஒன்று அடிக்கடி காதில் விழுகிறது. அதுதான் குளோரின் டையாக்சைடு.

ஒரு பக்கம், ஆலைகளுக்கும் பண்ணைகளுக்கும் கிருமிநாசினி விற்க வருபவர்கள் இதைக் குளோரினைவிட மேலானது என்கிறார்கள். இன்னொரு பக்கம், சில சொட்டுகளைத் தண்ணீரில் கலந்து குடித்தால் நீரிழிவு முதல் புற்றுநோய் வரை போய்விடும் என்று கைப்பேசியில் செய்தி வருகிறது. முதல் பேச்சில் உண்மை உண்டு, அதற்கு வரம்பும் உண்டு. இரண்டாவது பேச்சு உயிருக்கே ஆபத்து. ஒரே பொருளைப் பற்றிய இந்த இரண்டு பேச்சையும் பிரித்துப் பார்க்காததால்தான் குழப்பம்.

பெயரில் உறவு, குணத்தில் வேறு

ஒரு குளோரின் அணுவும் இரண்டு ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்தது குளோரின் டையாக்சைடு. மஞ்சளும் பச்சையும் கலந்த நிறமுள்ள வாயு. ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி 1811ஆம் ஆண்டில் இதைக் கண்டறிந்தார். வெறும் 11 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும் என்பதால் நம் நாட்டு வெயிலில் இது எப்போதும் வாயுதான். காற்றில் இதன் அளவு பத்து விழுக்காட்டைத் தாண்டினால் வெடிக்கும் தன்மை கொண்டது. அதனால் குளோரினை உருளையில் அடைத்து லாரியில் ஏற்றிவருவதுபோல் இதைக் கொண்டுவர முடியாது. தேவைப்படும் இடத்திலேயே, தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவுக்கு மட்டும் தயாரித்து உடனே தண்ணீரில் கரைத்துவிடுவார்கள்.

தயாரிக்கும் முறை கேட்பதற்கு எளிது. சோடியம் குளோரைட் என்ற உப்பின் கரைசலோடு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையோ குளோரின் வாயுவையோ சேர்த்தால் குளோரின் டையாக்சைடு பிறக்கும். இதைச் செய்யும் இயந்திரம் ஓர் அலமாரி அளவுக்குக்கூட இருக்கலாம். பக்கத்தில் இரண்டு தொட்டிகள், ஒன்றில் குளோரைட், மற்றொன்றில் அமிலம். இந்த இரண்டும் இயந்திரத்துக்குள் மட்டுமே சந்திக்க வேண்டும், வெளியே சந்திக்கவே கூடாது. இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். சோடியம் குளோரைடு என்பது நம் சமையல் உப்பு. சோடியம் குளோரைட் வேறு. கடைசி எழுத்தில்தான் வித்தியாசம், விளைவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

கிருமியைக் கொல்வதில் இரண்டும் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் கொல்லும் விதம் வேறு. குளோரின் தான் தொடும் பொருளோடு சேர்ந்து ஒட்டிக்கொள்ளும், அதனால் புதிய குளோரின் சேர்மங்கள் உருவாகும். குளோரின் டையாக்சைடு எதிலும் அவ்வளவாக ஒட்டாது. எதிரில் உள்ள பொருளிடமிருந்து எலக்ட்ரானைப் பறித்து அதைச் சிதைத்துவிடும். மேலும் தண்ணீரின் காரத்தன்மை கூடக்கூடக் குளோரினின் வீரியம் வேகமாகக் குறையும். குளோரின் டையாக்சைடுக்கு அந்தப் பலவீனம் குறைவு. குழாயின் உட்சுவரில் வழவழப்பாகப் படிந்திருக்கும் பாசிபோன்ற படலத்துக்குள் கிருமிகள் கூட்டமாக ஒளிந்திருக்கும். அதற்குள்ளும் இது நுழைந்து வேலை செய்யும்.

நம் கறுப்புத் தண்ணீரும் ரோட்டர்டாம் கண்டுபிடிப்பும்

வட சிலாங்கூர்க்காரர்களுக்கு இந்த வித்தியாசம் வெறும் பாடப் புத்தகச் செய்தி அல்ல. ராஜா மூசா, சுங்கை காராங் வனப் பகுதிகளை உள்ளடக்கிய வட சிலாங்கூர் கரிச்சதுப்புக் காடு நம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வரும் தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். தஞ்சோங் காராங் நெல் வயல்களுக்குப் பாயும் தெங்கி ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அந்த நிறம் தெரியும். இலையும் மரமும் ஆண்டுக்கணக்காக ஊறி மட்கிய சாறு அது. அழுக்கு என்று சொல்ல முடியாது, ஆனால் அதில் குளோரினைப் போட்டால் பிரச்சினை தொடங்குகிறது.

1974ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் ரூக் என்ற வேதியியலாளர், குளோரின் சேர்த்த ஆற்று நீரில் குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன் வகைப் பொருள்கள் உருவாவதைக் கண்டுபிடித்தார். மட்கிய தாவரச் சாற்றோடு குளோரின் சேர்வதால் வந்த வினை அது. நீண்ட காலம் அதிக அளவில் உடலுக்குள் போனால் இவை கெடுதல் என்பதால் உலக நாடுகள் குடிநீரில் இவற்றுக்கு வரம்பு விதித்தன. குளோரின் டையாக்சைடு இந்த வகைப் பொருள்களை அநேகமாக உருவாக்குவதில்லை. கரிச்சதுப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் இது பெரிய அனுகூலம்.

வாடை விஷயத்திலும் அப்படித்தான். ஆற்றில் ஃபீனால் என்ற தொழிற்சாலைக் கழிவு சிறிதளவு கலந்திருந்தாலும் குளோரின் பட்டவுடன் ஆஸ்பத்திரி மருந்து வாடை கிளம்பும். இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் 1944இல் அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் முதன்முதலாகக் குடிநீருக்குக் குளோரின் டையாக்சைடைப் பயன்படுத்தினார்கள். 1956இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரம் குளோரினிலிருந்து இதற்கு மாறியது. இரும்பும் மாங்கனீசும் கலந்த நீரிலும் இது நன்றாக வேலை செய்யும். மாங்கனீசைப் பிரித்தெடுப்பதில் குளோரின் மெதுவாகவும் இது வேகமாகவும் செயல்படும். 2014 வறட்சியில் பெஸ்தாரி ஜெயாவின் பழைய ஈயக் குட்டைகளிலிருந்து தண்ணீரைச் சிலாங்கூர் ஆற்றுக்குள் இறைத்துவிட்டபோது, அதில் என்ன உலோகம் இருக்குமோ என்று நம் மக்கள் கவலைப்பட்டது நினைவிருக்கலாம். அப்படிப்பட்ட தண்ணீரைப் பற்றிப் பேசும்போதுதான் இந்தக் குணத்துக்கு மதிப்பு.

அப்படியானால் எல்லா நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலும் இதையே போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். அங்கேதான் வியாபாரிகள் சொல்லாத பாதிக் கதை இருக்கிறது. குளோரின் டையாக்சைடு வேலை முடித்த பிறகு அதில் பெரும்பகுதி குளோரைட்டாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும். குளோரைட் இரத்தச் சிவப்பணுக்களைத் தாக்கக்கூடியது. ஆகவே உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.7 மில்லிகிராமுக்கு மேல் குளோரைட் இருக்கலாகாது என்று தற்காலிக வரம்பு வைத்துள்ளது. அமெரிக்காவில் குளோரைட்டுக்கு 1 மில்லிகிராம், குளோரின் டையாக்சைடுக்கு 0.8 மில்லிகிராம் வரம்பு. நம் நாட்டுக் குடிநீர்த் தரத்தில் எஞ்சியிருக்கும் குளோரினுக்கு 0.2 முதல் 5 மில்லிகிராம் வரை இடம் உண்டு. இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும், குளோரினில் கை சற்று நீண்டாலும் சமாளிக்கலாம், குளோரின் டையாக்சைடில் அந்தத் தாராளம் இல்லை. நாள்தோறும் அளந்து பார்க்க ஆளும் கருவியும் வேண்டும். செலவும் அதிகம்.

ஆற்றைக் கெடுத்துவிட்டு மருந்து தேடலாமா?

சிலாங்கூர் ஆறுதான் கிள்ளான் பள்ளத்தாக்கின் தண்ணீர் ஊற்று. சிலாங்கூர் ஆற்றுத் திட்டத்தின் 1, 2, 3ஆம் கட்ட நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் நம் வட்டாரத்திலேயே தண்ணீர் எடுத்துக் கோலாலம்பூர் வரை அனுப்புகின்றன. 2019 ஜூலையில் ஆற்றில் டீசல் கலந்தது, இந்த நிலையங்கள் மூடப்பட்டன. 2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங் பக்கமிருந்து வந்த துர்நாற்றக் கழிவால் நான்கும் மீண்டும் மூடப்பட்டு, ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் நின்றது. அடுத்த மாதமே இன்னொரு முறை.

இந்த மாதிரி நேரத்தில் எந்தக் கிருமிநாசினியும் கைகொடுக்காது. டீசலும் கரைப்பான்களும் கிருமிகள் அல்ல, கொன்றுவிட முடியாது. ஃபீனாலைச் சிதைக்கும் குளோரின் டையாக்சைடு எல்லா வாடைக்கும் மருந்தாகாது. நிலையத்தை மூடி, அசுத்தம் கடலுக்குப் போகும்வரை காத்திருப்பதுதான் வழி. அம்மோனியா கதை இன்னும் சுவாரசியமானது. கழிவுநீரிலிருந்தும் குப்பை மேட்டுச் சாற்றிலிருந்தும் ஆற்றுக்கு வருவது அது. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை ஒழிக்க எட்டு முதல் பத்து மில்லிகிராம் குளோரின் செலவாகும். குளோரின் முழுவதும் அங்கேயே தீர்ந்துபோனால் கிருமியைக் கொல்ல என்ன மிஞ்சும்? சுத்திகரிக்க எடுக்கும் ஆற்று நீரில் அம்மோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற அளவுகோல் இருப்பது இதனால்தான். குளோரின் டையாக்சைடு அம்மோனியாவைத் தொடாது, அதனால் அதன் கொல்லும் சக்தி வீணாகாது. ஆனால் தொடாததால் அம்மோனியாவும் போகாது! விற்பனையாளர் முதல் வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார். வாங்குபவர் இரண்டாவது வாக்கியத்தையும் கேட்க வேண்டும்.

எந்த ஆலையில் எதற்கு?

உலக அளவில் குளோரின் டையாக்சைடை மிக அதிகமாகச் செலவழிப்பது காகிதத் தொழில். மரக்கூழை வெளுக்க முன்பு குளோரின் வாயுவைப் பயன்படுத்தினார்கள். அதில் டையாக்சின் என்ற கொடிய நச்சு உருவாவது 1980களில் தெரியவந்ததும் இதற்கு மாறினார்கள். அடுத்தபடியாக, பெரிய கட்டடங்கள், தொழிற்சாலைகளின் குளிர்விப்புக் கோபுரங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தக் கோபுரங்களில் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் காய்ச்சல் கிருமி வளரும். 1976இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் முன்னாள் படைவீரர்கள் கூட்டத்துக்கு வந்தவர்களிடையே பரவி உயிர்களைப் பறித்த பிறகுதான் இந்தக் கிருமி உலகுக்குத் தெரிந்தது. படலத்துக்குள் ஒளியும் இப்படிப்பட்ட கிருமிக்குக் குளோரின் டையாக்சைடு பொருத்தமான ஆயுதம். 2001இல் ஆந்த்ராக்ஸ் தூள் அடைத்த கடிதம் வந்த அமெரிக்க மேலவை அலுவலகக் கட்டடத்தைச் சுத்தம் செய்ததும் இந்த வாயுவை வைத்துத்தான்.

உணவுத் துறையில் கோழி, காய்கறி, மீன் கழுவும் நீரில் இதைச் சேர்க்கிறார்கள். அமெரிக்காவில் அந்த நீரில் எஞ்சும் அளவு 3 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமோ 1997 முதல் இப்படிக் கழுவிய கோழியையே உள்ளே விடுவதில்லை. கழுவும் மருந்தைக் காட்டிப் பண்ணைச் சுத்தத்தைக் கோட்டை விட்டுவிடுவார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. இறால் குட்டை வைத்திருப்பவர்கள் குஞ்சு விடுவதற்கு முன் தண்ணீரைச் சுத்தப்படுத்த இதைப் பயன்படுத்தலாம். ஆனால் மருந்து முழுவதும் சிதைந்த பிறகே குஞ்சை விட வேண்டும். இல்லையேல் கிருமியோடு இறாலும் போகும்.

நம் ஆட்கள் அதிகமாக வேலை செய்யும் ரப்பர் கையுறை ஆலைகளில் "குளோரினேஷன்" பகுதி உண்டு. கையுறையின் பிசுபிசுப்பைப் போக்கக் குளோரின் நீரில் முக்கி எடுப்பது அது. கிருமி நீக்கத்துக்காகச் செய்வதல்ல. அங்கே தொண்டை எரிவது குளோரினால்தான். இதையும் குளோரின் டையாக்சைடையும் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

செம்பனை ஆலைக்கு வேண்டாத விருந்தாளி

செம்பனைக்கு வந்தால் கதை தலைகீழாகிறது. மலேசியாவில் செம்பனையை வணிகப் பயிராக முதலில் நட்டது நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917இல் தென்னமாரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபோகோனியே அதைத் தொடங்கினார். மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோங்கூர் பரிசு வாங்கியவரும் அவரே. பரிசு வாங்கிய முதலாளியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. நட்டு வளர்த்த நம் பாட்டன்மார் பெயர் செக்ரோல் ஏட்டில்கூட இப்போது மிஞ்சியிருக்குமா தெரியாது. அது வேறு கட்டுரை.

செம்பனை ஆலையில் பழக்குலையை வேகவைப்பது நீராவி. அந்த வெப்பத்தில் கிருமி நிற்காது, தனியாகக் கிருமிநாசினி தேவைப்படுவதில்லை. ஆனால் எண்ணெயோடு கலக்கும் தண்ணீரில் குளோரின் இருந்தால் அது எண்ணெயில் தங்கிவிடும். பிறகு சுத்திகரிப்பு ஆலையில் 200 டிகிரிக்கு மேல் சூடாக்கி வாடை நீக்கும்போது 3-எம்சிபிடி எஸ்டர் என்ற வேண்டாத பொருள் உருவாகும். பதனிட்ட செம்பனை எண்ணெயில் இது கிலோவுக்கு 2.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜனவரி முதல் விதித்துள்ளது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியமும் கச்சா எண்ணெயில் குளோரின் 2 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும் என்கிறது. "எங்களுடையது குளோரின் அல்ல, குளோரின் டையாக்சைடு" என்று யாராவது இந்த இடத்தில் விற்க வந்தால் ஏமாற வேண்டாம். அதுவும் வேலை முடிந்து கடைசியில் குளோரைடாகத்தான் போய் நிற்கும்.

வேலை செய்பவர் மூக்கும் நுரையீரலும்

எட்டு மணி நேர வேலையில் காற்றில் குளோரின் டையாக்சைடு 0.1 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பல நாடுகள் ஏற்ற வரம்பு. குளோரினுக்கு 0.5. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. இதில் இன்னொரு சங்கதி, மனித மூக்குக்கு இதன் வாடை தெரியத் தொடங்குவதே ஏறக்குறைய அந்த 0.1 பிபிஎம் அளவில்தான். வாடை அடித்துவிட்டால் வரம்பை நெருங்கிவிட்டீர்கள் அல்லது தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். "பழகிவிடும்" என்று மேற்பார்வையாளர் சொன்னால் அதைக் கேட்காமல் வெளியே வந்துவிட வேண்டும். அதிகமாகச் சுவாசித்தவருக்கு அந்த நேரத்தில் இருமலோடு நின்றதுபோல் இருந்து, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறல் வரலாம். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளாமல் மருத்துவமனைக்குப் போக வேண்டியது இதனால்தான்.

சோடியம் குளோரைட் கரைசல் கொட்டிவிட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். துணியிலோ சாக்கிலோ மரத்தூளிலோ பட்டுக் காய்ந்தால் சின்ன உரசலில்கூடத் தீப்பிடிக்கும். துடைத்த துணியை மூலையில் போட்டுவைப்பது தீயைச் சுருட்டி வைப்பதுபோல.

தோட்டப்புறத்துக்கே உரிய ஓர் ஆபத்தும் உண்டு. காலியான நீல நிற பிளாஸ்டிக் தொங் எங்கே கிடைத்தாலும் மழைத் தண்ணீர் பிடிக்க வீட்டுக்குக் கொண்டுவருவது நம் பழக்கம். நீர்த்தடைக்குப் பயந்து வாழும் குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரசாயனம் இருந்த தொங் சட்டப்படி அட்டவணைக் கழிவு, எஸ்டபிள்யூ 409 வகை. அதைத் தொழிலாளிக்குக் கொடுத்தனுப்புவது நிர்வாகத்தின் தவறு. தண்ணீரைப் பொறுத்தவரை, 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம், அதாவது சட்டம் 446, தங்குமிடம் தரும் முதலாளி போதுமான குழாய் நீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. ஆகவே தொங்கைத் தேடி அலைய வேண்டிய நிலையே வரக் கூடாது.

தடைக் காலத்தில் தொட்டி நீரை நம்ப முடியாவிட்டால் கொதிக்க வைப்பதே எளிது. நன்றாகக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். விறகோ கேஸோ இல்லையென்றால், வாசனைப் பொருளும் சோப்பும் சேர்க்காத, சுமார் 6 விழுக்காட்டு சாதாரண பிளீச் திரவத்தை லிட்டருக்கு இரண்டு சொட்டு விட்டு அரை மணி நேரம் வைக்கலாம். கலங்கல் தண்ணீரை முதலில் துணியில் வடிகட்ட வேண்டும். அதே பிளீச்சைக் கழிப்பறை கழுவும் அமிலத்தோடு எக்காரணத்தைக் கொண்டும் கலக்கக் கூடாது. மூடிய குளியலறைக்குள் குளோரின் வாயு கிளம்பும்.

"அதிசயச் சொட்டு" என்னும் நஞ்சு

கடைசியாகச் சொன்னாலும் இதுதான் அவசரமானது. 28 விழுக்காட்டு சோடியம் குளோரைட் கரைசலை எலுமிச்சை அமிலத்தோடு கலந்து குடிக்கச் சொல்லும் "அதிசயத் தாது" மருந்து பல பெயர்களில் இணையத்தில் விற்கப்படுகிறது. கலந்தவுடன் பிறப்பது ஆலையில் பயன்படும் அதே குளோரின் டையாக்சைடுதான். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010இலும் 2019இலும் இதற்கு எதிராக எச்சரித்தது. கோவிட் பரவிய 2020இல் கொரோனாவுக்கு மருந்து என்று விற்றவர்கள்மீது நீதிமன்றம் சென்றது. கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, நீர் வற்றி இரத்த அழுத்தம் வீழ்தல், கல்லீரல் செயலிழப்பு ஆகியவை குடித்தவர்களிடம் பதிவாகியுள்ளன. வாந்தியும் பேதியும் வந்தால் "உடம்பிலிருந்து நஞ்சு வெளியேறுகிறது" என்று விற்பவர்கள் சமாதானம் சொல்வார்கள். உண்மையில் உடம்பு வெளியேற்றப் பார்ப்பது அந்தச் சொட்டைத்தான்.

"குடிநீரிலேயே கலக்கிறார்களே, பிறகென்ன?" என்பது அடுத்த வாதம். குடிநீரில் எஞ்சுவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. சொட்டு மருந்தில் போவது அதைவிடப் பல மடங்கு. நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்கள் குளோரைட் போன்ற பொருள் பட்டால் எளிதில் உடையும். வளர்ந்த பிறகு இது தனக்கு இருப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். குழந்தையின் பிறப்புக் கால மருத்துவப் புத்தகத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது.

நீரிழிவுக்கு மாத்திரை போடும் ஒரு பெரியவர் அதை நிறுத்திவிட்டுச் சொட்டை நம்பினால், சொட்டு செய்யும் கெடுதலோடு மாத்திரை நின்ற கெடுதலும் சேரும். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் மேல் "எம்ஏஎல்" எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். அது இல்லாத புட்டியை யார் தந்தாலும், உறவினரே தந்தாலும், திறக்க வேண்டாம். ஏற்கெனவே குடித்துவிட்டால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள், புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பினாங்கில் அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்திடம் மருத்துவர்கள் ஆலோசனை கேட்க முடியும்.

ஆலையில் வேலை செய்பவர்களுக்கு ஒரு தகவல். இரசாயனக் கலன்களின் மேல் மலாயிலும் ஆங்கிலத்திலும் எச்சரிக்கை ஒட்டு இருக்க வேண்டும், பாதுகாப்புத் தகவல் தாளும் இருக்க வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு விதிமுறைகள் கட்டாயமாக்கியுள்ளன. வாசிக்கச் சிரமப்படுபவர்கள் படத்தைப் பார்த்தாலே போதும். வட்டத்தின் மேல் தீ எரியும் படம் இருந்தால் எண்ணெய், துணி, காகிதம் பக்கத்தில் வைக்கக் கூடாத பொருள். மண்டையோடு இருந்தால் நஞ்சு. கையில் சொட்டு விழுந்து அரிக்கும் படம் இருந்தால் தோலையும் கண்ணையும் பொசுக்கும். குளோரைட் தொட்டியிலும் அமிலத் தொட்டியிலும் இந்தப் படங்கள் ஒட்டியிருக்கின்றனவா என்று நாளைக்கு வேலைக்குப் போகும்போது பார்த்துவிட்டு, இல்லையென்றால் பாதுகாப்பு அதிகாரியிடமோ தொழிற்சங்கப் பிரதிநிதியிடமோ சொல்லுங்கள்.